காசு வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லலாமா?

1,000 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ரம்பொடை சுரங்கப்பாதை இருக்கும். 5,000 ரூபாய் நோட்டில் மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டிய கெனியன் அணை. அதிகம் புழங்கும் பெரிய நோட்டுகள் இரண்டிலும் மலையகம் இருக்கிறது. மலையகத்து வீடுகளில் அந்த நோட்டுகள் மாதத்தில் எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு கதை. அதே நோட்டில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் அச்சாகியிருக்கிறது: இது இலங்கை அரசாங்கத்தின் சார்பில் வெளியிடப்பட்டது, இலங்கைக்குள் எந்தத் தொகையைக் கொடுப்பதற்கும் சட்டப்படி செல்லும்.

எந்தத் தொகைக்கும் செல்லும் என்றால் எந்தக் கடையிலும் செல்ல வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் "கார்ட் அல்லது கியூஆர் மட்டும்" என்ற அறிவிப்பு, வெளிநாட்டுப் பயணிகள் கூடும் இடங்களில் கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது. மலையகத்தில் "காசு மட்டும்" என்ற பலகைதான் இன்னும் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பலகையையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

"காசு மட்டும்" பலகையை ஒரு வரியில் முடித்துவிடலாம். கார்டையோ கியூஆரையோ வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பெட்டிக்கடைக்கும் இல்லை. மற்றப் பலகைக்கான பதில் கொஞ்சம் நீளம். நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை என்றால், காசு வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லலாம். நீங்கள் அவருக்கு ஏற்கெனவே கடன்பட்டுவிட்டீர்கள் என்றால், அந்தக் கடனுக்காக நீட்டும் ரூபாயை அவர் தள்ளிவிட முடியாது. தள்ளினால் நட்டம் அவருக்குத்தான். வாங்குவதற்கும் கடன்படுவதற்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் முழுச் சிக்கலும்.

நோட்டுக்கு அந்த அந்தஸ்து எங்கிருந்து வருகிறது

இலங்கை மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி தொடங்கியது. அதற்கு வழிசெய்தது 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம். எழுபது வருடத்துக்கும் மேலாக இருந்த அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்திருக்கிறது. அது 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழையதிலும் புதியதிலும் அடிப்படை மாறவில்லை. நோட்டும் நாணயமும் வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கு மட்டும். அது வெளியிடும் நோட்டும் நாணயமும் நாட்டுக்குள் சட்டப்படி செல்லும் பணம்.

அந்த அந்தஸ்தைக் கொடுத்த அரசு அதைப் பறிக்கவும் முடியும். 1970 ஒக்டோபரில் நிதி அமைச்சர் என். எம். பெரேரா அன்றிருந்த 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார். ஒளித்துவைத்த பணத்தை வெளியே கொண்டுவருவது நோக்கம். இந்தியாவின் 2016 நவம்பர் அறிவிப்பைப் பார்த்து வியந்தவர்களுக்கு, நம் நாடு அதை நாற்பத்தாறு வருடம் முந்தியே செய்து பார்த்துவிட்டது என்பது தெரிந்திருக்காது.

சரி, "சட்டப்படி செல்லும்" என்பதற்கு என்ன பொருள்? கடன்பட்டவர் கடனைத் தீர்க்க இந்தப் பணத்தைச் சரியான தொகையில், சரியான நேரத்தில், சரியான ஆளிடம் நீட்டினால், அவர் தன் பக்கத்துக் கடமையைச் செய்துவிட்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாங்க மறுத்தவர் பிறகு "இவன் காசு தரவில்லை" என்று வழக்குப் போட்டால், வழக்குச் செலவும் அதன்பின் ஏறும் வட்டியும் அவர் தலையில் விழ வாய்ப்புண்டு. கடன் மறைந்துவிடாது, பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வாதாட வேண்டியிருக்கும். ஆனாலும் தப்பு உங்கள் பக்கம் இல்லை என்றாகிவிடும். சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான். இது முழுக்கக் கடனைப் பற்றியது. கடைக்குள் நுழைந்து ஒரு சோப்பை எடுத்துக் கையில் வைத்திருப்பவர் இன்னும் யாருக்கும் கடன்படவில்லை.

கடை அலுமாரியில் விலை ஒட்டிப் பொருளை வைப்பது "வாங்க வாருங்கள்" என்ற அழைப்பு மட்டுமே. நீங்கள் பொருளைக் கொண்டுபோய்க் காசாளர் முன்னால் வைப்பதுதான் "இதை வாங்குகிறேன்" என்ற முன்மொழிவு. அவர் சரி என்று விலைபோடும்போதுதான் உடன்படிக்கை பிறக்கிறது. ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த இந்தப் பார்வைதான் இங்கும். இலங்கையில் பொருள் விற்பனையை ஆளும் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம்; பிரித்தானியாவின் 1893 சட்டத்தை அச்சாகக் கொண்டது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பொருளைக் கொடுப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்கிறது அது. "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற அந்த வால்தான் கடைக்காரருக்குக் கிடைத்த இடம். எப்படிப் பணம் தர வேண்டும் என்பதை முன்கூட்டியே நிபந்தனையாகச் சொல்லிவிட்டு விற்க அவரால் முடியும்.

முன்கூட்டியே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நுவரெலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருகிறீர்கள். வாசலில் பலகை இல்லை, மெனுவில் எதுவும் இல்லை. சோறு வந்தது, சாப்பிட்டாயிற்று, பில் வந்தது. அப்போதுதான் "அண்ணே, காசு எடுக்கிறதில்ல, கார்ட் மட்டும்தான்" என்கிறார் பையன். இங்கே சோறு வயிற்றுக்குள் போன கணமே கடன் பிறந்துவிட்டது. நீங்கள் நீட்டும் ரூபாயைத் தள்ளிவிட்டுப் பொலிஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்ட அவருக்கு வழியில்லை. பில் தொகையை எண்ணி மேசையில் வைத்துப் பற்றுச்சீட்டுக் கேட்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்து, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள் என்றால் கதை மாறும். நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் சாப்பிட்டீர்கள் என்று அவர் சொல்லலாம்.

முச்சக்கர வண்டிச் சவாரி, தாங்கிக்குள் அடித்துவிட்ட பெட்ரோல், தங்கி எழுந்த விடுதி அறை, பழுதுபார்த்து முடித்த போன் எல்லாம் இந்த வகைதான். சேவை முதலில், காசு பிறகு.

இந்த வரிசையில் வரும் இன்னொன்றை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அது தோட்டத்துக் கடைக் கொப்பி. தலவாக்கலையானாலும் பொகவந்தலாவையானாலும், லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில் மாதம் முழுக்க மாவும் பருப்பும் கொப்பிக்குப் போகும். சம்பளத்தன்று கணக்குத் தீரும். சட்டத்தின் கண்ணில் அந்தக் கொப்பியில் எழுதிய ஒவ்வொரு வரியும் கடன். அதனால் அந்தக் கடனுக்குக் காசு நீட்டும் உரிமை முழுசாக இருக்கிறது. கையில் காசை வைத்துக்கொண்டு நகரத்துக் கடையின் வரிசையில் நிற்பவருக்கு இல்லாத உறுதி, கையில் காசே இல்லாமல் கொப்பிக்கு வாங்கியவருக்கு இருக்கிறது! சட்டம் வேண்டுமென்று செய்ததல்ல; ஆனால் அப்படித்தான் வந்து நிற்கிறது. அடகுக் கடையில் நகையை மீட்பதும் குழுவாக எடுத்த நுண்கடனுக்கு வாராந்தம் கட்டுவதும் கடன் கணக்குதான். ஒரு வித்தியாசம்: லீசிங் கம்பெனி, அடகு நிறுவனம் போன்றவை எழுத்தில் ஒப்பந்தம் போடுகின்றன. தவணையை வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அது உங்களைக் கட்டும். படிக்காமல் போடும் கையெழுத்து இந்த இடத்தில் நோட்டை விடப் பலமானது.

மிச்சக் காசு, கிழிந்த நோட்டு, டொஃபி

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் காலை நேரம் 5,000 ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். நடத்துநர் முதலில் உங்களைப் பார்ப்பார், அப்புறம் நோட்டை, அப்புறம் மேலே. "சில்லறை இல்லையா?" என்பதை அவர் கேட்கும் தொனியே தனி. இதில் சட்டம் அவர் பக்கம். கடனுக்கு உரிய தொகையை நீட்டுவதுதான் செல்லுபடியாகும் கொடுப்பனவு. மிச்சம் தர வேண்டும் என்று காசைப் பெறுபவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சில்லறை இருந்தால் தருவது வியாபார மரியாதை. அதனால்தான் டிக்கட்டின் பின்னால் மிச்சத்தை எழுதித் தரும் வழக்கம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. இறங்கும்போது மறந்துவிட்டால் அது போனதுதான், எத்தனை பேருக்குப் போயிருக்கும்!

இதன் மறுபக்கம் டொஃபி. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் மிச்சத்துக்குப் பதில் கடைக்காரர் கையில் டொஃபியைத் திணிப்பார். டொஃபி எந்தச் சட்டத்திலும் பணமல்ல. வேண்டாம், காசைத் தாருங்கள் என்று கேட்கலாம். கேட்டால் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

கிழிந்த நோட்டு, ஒட்டுப்போட்ட நோட்டு விஷயத்தில் கடைக்காரர் தயங்குவது நியாயம். இயல்பாகத் தேய்ந்த, கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். வேண்டுமென்றே கிறுக்கியோ வெட்டியோ சிதைத்த நோட்டுக்கு வங்கியில் பெறுமதி கிடைக்காது; அப்படிச் சிதைப்பதே தண்டனைக்குரிய குற்றம். கள்ள நோட்டு என்று சந்தேகம் வந்தால் யாரும் வாங்கத் தேவையில்லை. 5,000 நோட்டைக் கண்டதும் சின்னக் கடைகள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அதற்குத்தான்.

டொலரும் பவுணும் இங்கே சட்டப்படி செல்லும் பணமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்ல பக்கம் வெளிநாட்டார் டொலரை நீட்டுவதும் சிலர் வாங்குவதும் நடக்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்று அங்கே யாரும் வாதாட முடியாது.

கூலிக்கு ஒரு சட்டம், கடைக்கு இல்லை

மலையகத்தில் இருந்து இந்த விஷயத்தைப் பார்த்தால், கொழும்பிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். கையில் காசு என்பது இங்கே சும்மா கிடைத்ததல்ல.

ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணிகளின் காலத்தில் தொழிலாளி தோட்டத்துக்கு வரும்போதே கடனோடுதான் வந்தார். வழிச்செலவு, முற்பணம் எல்லாம் கங்காணி பேரில் எழுதப்பட்டு, அவர் வழியாகத் தொழிலாளி தலையில் ஏறின. தோட்டம் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும்: இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் அப்படியே இடம் மாறும். வருடக்கணக்கில் உழைத்தும், கணக்குப் புத்தகத்தில் மட்டும் பெருகிக் கழியும் சம்பளத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் இருந்தார்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது.

பிறகு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். சம்பளத்தைச் சட்டப்படி செல்லும் பணமாக, நேரடியாகத் தொழிலாளியிடம், அவர் சம்மதித்த, சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பழைய அநியாயம் இருக்கிறது. பணமாக என்றால் அரிசியாகவோ சீட்டாகவோ அல்ல. நேரடியாக என்றால் கங்காணி வழியாக அல்ல. சம்பளத் துண்டில் சந்தா, மரண சங்கம், கோயில், டோபி என்று இன்றும் வரிசையாக நிற்கும் கழிவுகளைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது எதற்கென்று விளக்கத் தேவையில்லை. மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் வெகுநாள் இருந்தது. "நேரடியாக" என்பது அங்கேயும் பொருந்தும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழுந்து பறித்தவருக்குச் சேர வேண்டியதைச் செல்லும் பணமாகக் கொடு என்று முதலாளியைச் சட்டம் கட்டியிருக்கிறது. அந்தப் பணத்தோடு அவர் கடைக்குப் போனால் வாங்கிக்கொள் என்று கடைக்காரரைக் கட்டவில்லை. தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்தது. அந்தத் தொகையைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அது எந்த வடிவில் வந்து எங்கே செலவாகும் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் கணக்கில் இது ஒரு ஓட்டை. இன்றைக்குச் சின்னது. கடைகள் மெல்ல மெல்லக் காசை விட்டு விலக விலகப் பெரிதாகும்.

ஏன் மலையகத்துக்குக் கூடுதலாக வலிக்கும் என்று கேட்கலாம். வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கணக்கு, கார்ட் என்று போகும் ஏணியில் மற்றவர்கள் பல படி ஏறிய பிறகு இவர்கள் முதற்படியில் கால் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் என்றால் அது பெரும்பாலும் மகனிடமோ கணவரிடமோ இருக்கும். கியூஆரில்தான் கட்ட வேண்டும் என்றால், மலையில் நாள் முழுக்க நின்று உழைத்த பெண் தன் காசைச் செலவழிக்க வீட்டு ஆணிடம் போய் நிற்க வேண்டும். இடுப்பில் முடிந்த சல்லிக்கு அந்த அனுமதி தேவையில்லை.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு கல்லாவைப் பூட்டிவிட்டு மலைப்பாதையில் காசோடு போவது பயம். வங்கி பத்து மைலுக்கு அப்பால் இருந்தால் கொண்டுபோய்க் கட்டுவது ஒரு நாள் வேலை. வேலைக்கு நிற்கும் பையன் கை வைக்கிறானா என்ற கவலை. கள்ள நோட்டு. இதெல்லாம் உண்மையான செலவுகள்; காசு இலவசமாகப் புழங்குகிறது என்று நினைப்பது தப்பு. கார்டுக்கு இரண்டு மூன்று வீதம் கூடுதலாக வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. அது கார்ட் ஒப்பந்தத்துக்கு முரணானது, கார்ட் தந்த வங்கியிடம் முறையிடலாம். லங்கா கியூஆர் வந்ததிலிருந்து சின்னக் கடைக்கும் இயந்திரம் இல்லாமல் கொடுப்பனவு வாங்கும் வழி கிடைத்திருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் தங்கள் நாட்டுப் போன் கொடுப்பனவு முறையான யூபிஐ மூலமே இங்கே கட்ட முடிகிறது. நல்ல விஷயங்கள்தான். காசோடு சேர்ந்து இருக்கும் வரை.

ஏனென்றால் மலையில் மின்சாரமும் சிக்னலும் நம்பக்கூடியவை அல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. அது சில மணி நேரக் கதை, சிரித்துவிட்டுப் போகலாம். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது சிரிக்க எதுவும் இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து பாதைகள் அறுந்தன, மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் செத்தன. அப்படியான நாளில் கார்ட் இயந்திரம் வெறும் பிளாஸ்டிக். ஏ.டி.எம்.மும் அப்படித்தான். அரிசி வாங்க வீட்டில் என்ன நோட்டு இருந்ததோ அதுதான் பணம். அதுவும் தீர்ந்தால் கொப்பி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

பிரித்தானியாவில் நிலைமை நம்முடையதைப் போலத்தான்: கடைக்காரர் விரும்பியதை ஏற்கலாம், விரும்பாததை மறுக்கலாம். அமெரிக்காவில் மத்திய சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் சில்லறைக் கடைகள் காசை ஏற்க வேண்டும் என்று 1978 முதல் சட்டம் இருக்கிறது. நியூ ஜேர்சியும் பிலடெல்பியாவும் 2019இலும், நியூயோர்க் நகரம் 2020இலும் அதே வழிக்கு வந்தன. அங்கே எழுந்த வாதம் நமக்கும் பழக்கமானது: வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடாது. இந்தியாவில் நாணயக் குற்றிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள குற்றிகளை 1,000 ரூபாய் வரையான தொகைக்குத்தான் சட்டப்படி நீட்டலாம், மூட்டை கட்டி வந்து கொட்ட முடியாது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஜேர்மனியின் வானொலிக் கட்டணம் பற்றிய வழக்கில் ஒரு நல்ல கோடு போட்டது. காசை ஏற்பது பொது விதி. பொதுநலன் கருதி அரசு அதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அளவோடு. எனக்கு அது நம்முடைய அரசு அலுவலகங்களை நினைவூட்டுகிறது. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது, அரசுக் கட்டணங்களை போனிலேயே கட்டலாம். வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். வரியும் அபராதமும் பிரதேச சபைக் கட்டணமும் சட்டத்தால் பிறக்கும் கடன்கள். தனியார் கடையைப் போல "வேண்டாமென்றால் வேறு இடம் போ" என்று அரசு சொல்ல முடியாது, வேறு இடம் இல்லை. அதனால் முகப்புக் கருமபீடத்தை மூடாமல் இணைய வழியைக் கூட்டுவது வேறு, மூடிவிட்டுக் கூட்டுவது வேறு.

நமக்கு நெருக்கமாகப் படுவது நோர்வேயும் அவுஸ்திரேலியாவும். நோர்வே 2024 ஒக்டோபர் முதல் ஆட்கள் நின்று விற்கும் கடைகளில் காசு கட்டும் உரிமையைச் சட்டத்தில் இறுக்கியது. அவசர காலத் தயார்நிலையும் அங்கே காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று. அவுஸ்திரேலியா எல்லாக் கடைகளையும் கட்டவில்லை. பலசரக்கும் எரிபொருளும் விற்பவர்கள் 500 டொலர் வரையான காசை ஏற்க வேண்டும் என்று 2026 ஜனவரி முதல் விதி. சின்ன வியாபாரங்களுக்கு விலக்கு உண்டு.

இங்கே அப்படி ஒரு விதி வரும் வரை கையில் இருக்கும் கருவி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பதை அது குற்றமாக்குகிறது. பதுக்கலை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது. மாவை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் முதலாளியைப் பிடிக்க வந்தது. ஆனால் அரிசியோ பால்மாவோ மருந்தோ அலுமாரியில் இருக்க, வாசலில் அறிவிப்பும் இல்லாமல், நல்ல நோட்டை நீட்டியவரைத் திருப்பி அனுப்பினால், "விற்க மறுத்தார்" என்று முறையிட வலுவான வாதம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதிகார சபையின் இலக்கம் 1977. திகதி, நேரம், கடை, எந்தப் பொருள், என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் நகரும்.

சட்டம் எழுதுபவர்களுக்கு என் ஆசை பெரியதல்ல. உணவு, மருந்து, எரிபொருள், பஸ், அரசுக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஓர் எல்லைத் தொகை வரை காசை மறுக்கக்கூடாது. அதற்கு மேல் கடை தன் விருப்பம்போல் செய்யட்டும். மிச்சம் கொடுக்க முடியாத பெரிய நோட்டை மறுக்கும் உரிமையும் கடைக்கு இருக்கட்டும், ஹட்டன் பஸ் நடத்துநரைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. அதுவரை பிரதேச சபைகளும் நகர சபைகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சந்தைக் கட்டடத்திலும் பஸ் நிலையத்திலும் தங்களுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போது, ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.